புகை அடித்தும் ஏடிஸ் விழவில்லை: எதிர்ப்புத் திறனா, அடித்த விதமா?

#1 · வார்டுகணக்கு

டெங்கு வந்த ஒரு வார்டு. மூன்று வாரமாக மாலத்தியான் புகை, 5 பங்கு மருந்துக்கு 95 பங்கு டீசல். வீட்டுத் தொட்டிகளில் டெமிபாஸ் புழுக்கொல்லி. இவ்வளவுக்குப் பிறகும் வீட்டுக் குறியீடு (புழு இருக்கும் வீடுகளின் சதவீதம்) இறங்கவில்லை, பகல் கடியும் குறையவில்லை. "கொசுவுக்கு மருந்து பழகிப்போச்சு, அளவை ரெட்டிப்பாக்கு" என்று ஒரு பக்கம் பேச்சு. எதிர்ப்புத் திறன் என்று எழுதிக் கொடுப்பதற்கு முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? எது அடிக்கடி தப்பாகிறதோ அதிலிருந்து தொடங்கினால் நல்லது.

#2 · புகைக்குழல்

முதல் கேள்வி, எத்தனை மணிக்கு அடித்தார்கள்? காலை பத்து மணிக்கு மேல் தரை சூடாகிவிடும், சூடான காற்று மேலே போகும், புகையும் அதோடு போய்விடும். தெருவில் நின்று பார்த்தால் அடர்த்தியாகத் தெரியும், பத்து நிமிடத்தில் மாடிக்கு மேல் இருக்கும். விடிந்ததும் ஒரு மணி நேரம், இல்லாவிட்டால் பொழுது சாயும் நேரம். காற்று மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் இருந்தால் மெஷினை எடுக்கவே வேண்டாம்.

இரண்டாவது, டெங்கு பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கொசு எங்கே உட்கார்ந்திருக்கிறது? கட்டிலுக்கு அடியில், கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னால், பீரோ சந்தில். தெருவில் ஓட்டிய புகை அங்கே போகாது. வண்டி வருகிறது என்றாலே ஜன்னலைச் சாத்திவிடும் ஊர் நம்முடையது. வீட்டுக்குள் அடிக்கத்தான் 2% பைரெத்ரம் சாறு இருக்கிறது. ஒரு பங்குக்கு 19 பங்கு மண்ணெண்ணெய், அதாவது கடைசியில் 0.1%. அது நடந்ததா என்று கேளுங்கள்.

மூன்றாவது, புகைக்கு மிச்சம் கிடையாது. அந்த நேரத்தில் பறக்கிற கொசு மேல் துளி பட்டால்தான் சாவு. அன்று கூட்டுப்புழுவாக இருந்தது மறுநாள் காலை புதுக் கொசுவாகப் பறக்கும். அதைப் பார்த்துவிட்டு "மருந்து வேலை செய்யலை" என்பார்கள்.

அளவை இரட்டிப்பாக்குவது பற்றி: துளி சேராத இடத்தில் இரண்டு மடங்கு மருந்தும் சேராது.

#3 · மருந்துக்கணக்கு

புகைக்குழல் புகையைச் சொல்லிவிட்டார், நான் தொட்டிக்கு வருகிறேன். டெமிபாஸில் தப்பு நடப்பது பெரும்பாலும் கணக்கில்தான்.

இலக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 மி.கி. 1% மணல் குருணை என்றால் 10 லிட்டருக்கு 1 கிராம், 500 லிட்டர் சின்டெக்ஸுக்கு 50 கிராம். 50 ஈசி திரவம் என்றால் 1 மி.லி.யில் 500 மி.கி. இருக்கிறது, ஆக 500 லிட்டருக்கு 1 மி.லி. போதும். தொட்டியில் அந்த நேரம் கிடக்கிற தண்ணீரை அளந்து போடக்கூடாது, தொட்டியின் முழுக் கொள்ளளவுக்குப் போட வேண்டும். கால் தொட்டி தண்ணீருக்குக் கணக்குப் போட்டு, மறுநாள் குழாயில் தண்ணீர் வந்து தொட்டி நிறைந்தால் செறிவு நாலில் ஒன்று.

சிமெண்ட் தொட்டியில் சுவரும் அடியில் படிந்த பாசி, சகதியும் மருந்தை இழுத்துக்கொள்ளும். தினமும் காலியாகி நிரம்பும் டிரம்மில் மருந்து கரைந்து வெளியே போய்விடும். வாடை பிடிக்காமல் வீட்டுக்காரம்மா குருணையைக் கவிழ்த்துவிட்டிருந்தால் அந்த வீட்டில் மருந்தே இல்லை. இது எதுவும் எதிர்ப்புத் திறன் அல்ல. ஆனால் குறியீட்டுத் தாளில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

#4 · குப்பி250

இரண்டு பேர் சொன்னதும் சரி. இருந்தாலும் பேசிக்கொண்டே இருந்தால் முடியாது, ஒரே நாளில் இரண்டையும் பிரித்துக்காட்ட ஒரு வழி இருக்கிறது: கூண்டுச் சோதனை.

நைலான் வலைக் கூண்டுகளில் 20 முதல் 25 பெண் கொசுக்கள். பாதிக் கூண்டுகளில் அந்த வார்டின் கொசு, மீதியில் மருந்தே படாமல் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த கொசு. வீட்டுக்குள் சில, வாசலில் சில, தெருவில் சில. காற்று வரும் திசையில், புகை எட்டாத தூரத்தில் கட்டுப்பாட்டுக் கூண்டுகள். வழக்கம்போல் புகை அடிக்கட்டும், ஆபரேட்டரிடம் சோதனை என்று சொல்ல வேண்டாம். பிறகு கொசுக்களைச் சுத்தமான கோப்பைக்கு மாற்றி, சர்க்கரைத் தண்ணீர் பஞ்சு வைத்து 24 மணி நேரம் கழித்து எண்ணுங்கள்.

ஆய்வுக்கூடக் கொசுவும் பிழைத்திருந்தால் கோளாறு மெஷினிலோ நேரத்திலோ கலவையிலோ இருக்கிறது. அது செத்து வார்டு கொசு மட்டும் பிழைத்திருந்தால் எதிர்ப்புத் திறன் பற்றிப் பேசத் தொடங்கலாம். வாசலில் செத்து வீட்டுக்குள் இரண்டு வகையும் பிழைத்திருந்தால் புகைக்குழல் சொன்ன ஜன்னல் கதைதான்.

#5 · வார்டுகணக்கு

நன்றி. கூண்டில் வார்டு கொசு மட்டும் பிழைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எதிர்ப்பை உறுதிசெய்ய அடுத்தது குழாய்ச் சோதனையா, குப்பிச் சோதனையா? எத்தனை கொசு வேண்டும்?

#6 · குப்பி250

உலக சுகாதார நிறுவனத்தின் குழாய்ச் சோதனைக்குத் தொகுப்பாகவே கிடைக்கும். மருந்து தோய்த்த தாள்கள் மலேசியாவின் பினாங்கில், சயின்ஸ் பல்கலைக்கழகத்தில் தயாராகி வருகின்றன. ஒரு மருந்துக்கு நாலு குழாய், ஒவ்வொன்றிலும் 20–25 பெண் கொசு, ஆக 100 வரை. கட்டுப்பாட்டுக்கு இரண்டு குழாய் தனியாக. சிவப்புப் புள்ளிக் குழாயில் மருந்துத் தாள், மஞ்சளில் வெறும் எண்ணெய்த் தாள், பச்சையில் வெள்ளைத் தாள். ஒரு மணி நேரம் மருந்தில், பிறகு பச்சைக் குழாயில் 24 மணி நேரம். வெப்பம் 27 டிகிரியை ஒட்டி, ஈரப்பதம் 75% அளவில்.

எங்கே கெடுகிறது என்றால்:

கொசு. வீட்டில் பிடித்த பெரிய கொசுவை நேராகப் போட்டால் வயது தெரியாது, இரத்தம் குடித்ததும் குடிக்காததும் கலந்திருக்கும். இரத்தம் குடித்தது கூடுதலாகத் தாங்கும், கிழடு சீக்கிரம் சாகும். முட்டைப் பொறி வைத்து, முட்டையை வளர்த்து, 3 முதல் 5 நாள் வயதுள்ள, சர்க்கரைத் தண்ணீர் மட்டும் குடித்த பெண்களை எடுங்கள். ஒரே பொறியின் முட்டை மட்டும் என்றால் நீங்கள் சோதிப்பது ஒரு குடும்பத்தை, வார்டை அல்ல. ஒரே தட்டில் ஆயிரம் புழுவை நெருக்கி வளர்த்தால் கொசு சிறுத்துப்போகும், லேசான மருந்துக்கே சாகும், எதிர்ப்பு இருந்தும் "இல்லை" என்று முடிவு வரும்.

தாள். ஒரு தாளை ஆறு தடவைக்கு மேல் பயன்படுத்தக்கூடாது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்ததும் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை வையுங்கள், இல்லாவிட்டால் மேலே தண்ணீர் கோர்க்கும். கட்டுப்பாட்டுத் தாளின் எண்ணெயும் பொருந்த வேண்டும். பைரெத்ராய்டு வகைக்கு (பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவை) சிலிக்கோன் எண்ணெய், மாலத்தியானுக்கு ஆலிவ் எண்ணெய்.

மிகப் பெரிய தப்பு, மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் கொசுவுக்கான தாளில் ஏடிஸைச் சோதிப்பது. அனாஃபிலிஸுக்கு பெர்மெத்ரின் 0.75%, மாலத்தியான் 5%. ஏடிஸுக்கு 2016 வழிகாட்டியில் பெர்மெத்ரின் 0.25%, மாலத்தியான் 0.8%, டெல்டாமெத்ரின் 0.03% என்று இருந்தது. அதிக வீரியத் தாளில் போட்டால் எதிர்ப்புள்ள ஏடிஸும் செத்துவிடும், அறிக்கையில் "98%, மருந்து நன்றாக வேலை செய்கிறது" என்று வரும். பழைய அறிக்கையை நம்புவதற்கு முன் எந்தத் தாள் என்று பாருங்கள்.

எண்ணுவது. கால் உதிர்ந்திருந்தாலும் பறக்க முடிந்தால் உயிர். துடித்துக்கொண்டு கிடந்தால் சாவுக் கணக்கில். ஒரு மணி நேரத்தில் விழுந்ததை வைத்து முடிவு எழுதாதீர்கள். நொதியால் மருந்தைச் சிதைக்கும் கொசு விழுந்து, விடிவதற்குள் எழுந்துவிடும்.

98% முதல் 100% சாவு என்றால் எதிர்ப்பு இல்லை. 90–97% என்றால் சந்தேகம், திரும்பச் செய்ய வேண்டும். 90%-க்குக் கீழே உறுதி. கட்டுப்பாட்டிலேயே 5%-க்கு மேல் செத்தால் அபட் திருத்தம், அதாவது மருந்தில்லாமல் செத்ததைக் கழிக்கும் கணக்கு. சோதனையில் 88, கட்டுப்பாட்டில் 10 என்றால் 88-இல் 10 கழித்து 78, அதை 90-ஆல் வகுத்தால் 86.7%. கட்டுப்பாடு 20%-ஐ எட்டினால் மொத்தமும் குப்பைக்கு.

குப்பிச் சோதனை மலிவு. 250 மி.லி. கண்ணாடிக் குப்பி, உள்ளே 1 மி.லி. அசிட்டோனில் கரைத்த மருந்து, மூடியின் உட்புறம் உட்படச் சுழற்றிப் பூசி, திறந்துவைத்துக் காய விட வேண்டும். ஏடிஸுக்கு டெல்டாமெத்ரின் குப்பிக்கு 10 மைக்ரோகிராம், பெர்மெத்ரின் 15, நேரம் 30 நிமிடம். ஈரம் காயாமல் கொசுவை விட்டால் அசிட்டோனே கொன்றுவிடும். கழுவிய குப்பியில் பழைய மருந்து மிச்சமிருந்தாலும் அதே கதை. கழுவிக் காய்ந்த குப்பியில் முதலில் சில கொசுக்களை விட்டுப் பாருங்கள், பிழைத்தால்தான் மருந்து பூசுவது.

#7 · மருந்துக்கணக்கு

புழுவுக்குத் தனிச் சோதனை, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நிலை முடிவு அல்லது நாலாம் நிலைத் தொடக்கப் புழு, கோப்பைக்கு 25, நாலு கோப்பை, கட்டுப்பாடு தனி. ஏடிஸுக்கு டெமிபாஸ் லிட்டருக்கு 0.012 மி.கி., 24 மணி நேரம். பத்தில் ஒன்றுக்கு மேல் கூட்டுப்புழு ஆகிவிட்டால் அந்தச் சோதனை செல்லாது, புழு முற்றிவிட்டது என்று பொருள்.

இப்போது இரண்டு எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். சோதனை அளவு 0.012, தொட்டியில் போடுவது 1. எண்பது மடங்குக்கு மேல். அதனால்தான் எதிர்ப்பில்லாத ராக்ஃபெல்லர் என்ற ஆய்வுக்கூட வகைக் கொசுவோடு ஒப்பிட்டால் பத்து மடங்கு எதிர்ப்புள்ள புழுவும் மருந்து போட்ட அன்று தொட்டியில் சாகும். "பாருங்க, செத்துப்போச்சே" என்பார்கள். எதிர்ப்பு முதலில் தலைகாட்டுவது முதல் நாளில் அல்ல, மருந்து நிற்கும் காலத்தில். செறிவு தேய்ந்துகொண்டே வரும்போது சாதாரணப் புழுவுக்கு இன்னும் நஞ்சாக இருக்கும் தண்ணீர் இதற்கு வெறும் தண்ணீராகிவிடும். இரண்டு மாதம் தாங்கியது மூன்று வாரத்தில் முடியும். மருந்து போட்ட தேதியையும் புழு மறுபடி தெரிந்த தேதியையும் தொட்டிவாரியாக எழுதி வைத்தாலே இது கண்ணில் படும். அதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

#8 · மன்னார்க்காற்று

அளவை இரட்டிப்பாக்கச் சொல்லுகிற ஆக்களுக்கு இலங்கையின் கதையைச் சொல்லலாம். மலேரியாவுக்கு டிடிடி அடிச்சு 1963-இல் நாடு முழுக்க 17 நோயாளிகள் எண்ட நிலைக்கு வந்தது. கண்காணிப்பு தளர்ந்தது, 1969-இல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. அந்த நேரமே அனாஃபிலிஸ் குலிசிஃபேசிஸ் நுளம்பில் டிடிடி எதிர்ப்பு தெரிய வந்தது. 1970களின் நடுவில் மாலத்தியானுக்கு மாறினார்கள். அப்போது எடுத்த ஒரு முடிவுதான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது: மாலத்தியானை வயலுக்குக் குடுக்காமல் மலேரியாவுக்கு மட்டும் ஒதுக்கி வைச்சார்கள். அப்படிச் செய்தும் மாலத்தியானைக் குறிவைச்சு உடைக்கிற கார்பாக்ஸிலெஸ்டரேஸ் நொதியோடு நுளம்பு வந்தது. அதுக்குப் பிறகு பைரெத்ராய்டு. 2012-க்குப் பிறகு உள்நாட்டில் தொற்றிய நோயாளி இல்லை, 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு எண்ட சான்று.

அதே ஆண்டுக் கடைசியில் மன்னார்த் தீவில் அனாஃபிலிஸ் ஸ்டீபென்சி பிடிபட்டது. சென்னையில் கிணத்திலும் மேல்நிலைத் தொட்டியிலும் குடியிருக்கிற அதே நகரத்து மலேரியா நுளம்பு. இங்கே அதின் குடம்பி (புழு) கூட இருந்தது கிணறுகளில்தான். கிணத்துக்கு மீனும் மூடியும் பொருந்தும். குடிக்கிற கிணத்துக்குத் திரும்பத் திரும்ப மருந்து போடுகிற வழியில் போனால் எதிர்ப்பைச் சோதிக்கிற வேலையும் கூடவே வரும்.

#9 · புகைக்குழல்

அண்ணே, வயலுக்கு மாலத்தியான் நிறுத்தினார்கள் சரி, வீட்டுக்குள்ளே? சுருள், திரவ ஆவியாக்கி, ஸ்ப்ரே எல்லாமே பைரெத்ராய்டு. டிரான்ஸ்ஃப்ளூத்ரின், பிராலெத்ரின், அல்லெத்ரின். ராத்திரி முழுக்க, கொல்லாத அளவில், ஏடிஸ் உட்காரும் அதே அறையில். அரசு அடிக்கிற புகை வருஷத்துக்குச் சில நாள். எதிர்ப்பை வளர்ப்பது வீட்டுச் சுருள்தான், புகை அல்ல.

#10 · மரபணுமூலை

பாதி உண்மை. பைரெத்ராய்டுக்கு வீட்டுச் சுருளும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வார்டுகணக்கு அடிப்பது மாலத்தியான். அது ஆர்கனோபாஸ்பேட் வகை, அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நரம்பு நொதியைப் பிடிக்கிறது. பைரெத்ராய்டு பிடிப்பது நரம்பின் சோடியம் வாயிலை. சுருளால் வந்த வாயில் மாற்றம் மாலத்தியானைத் தடுக்காது. நொதி வழி எதிர்ப்பு என்றால் குறுக்கே பாயலாம், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். டிடிடியும் பைரெத்ராய்டும் ஒரே வாயிலைத்தான் பிடிக்கின்றன, அதனால் பல பத்தாண்டு டிடிடிக்குப் பிறகு பைரெத்ராய்டுக்கு மாறிய இடங்களில் கொசு ஏற்கெனவே பாதி தயாராக இருந்தது.

வாயில் மாற்றங்களில் எல்லாம் ஒன்றல்ல. அனாஃபிலிஸில் பெயர்பெற்றது எல்1014எஃப், அதாவது வாயில் புரதத்தின் 1014-ஆம் இடத்தில் லூசின் போய் ஃபினைல்அலனின் வருவது. ஏடிஸ் ஈஜிப்டியில் அதைக் காண்பது அரிது, ஏனென்றால் அந்த இடத்து மரபுக் குறி சிடிஏ. அங்கிருந்து ஃபினைல்அலனினுக்குப் போக ஒரே நேரத்தில் இரண்டு எழுத்து மாற வேண்டும். அதனால் ஏடிஸ் வேறு வழி பிடித்தது: எஃப்1534சி, வி1016ஜி, எஸ்989பி. எஃப்1534சி தனியாக இருந்தால் பெர்மெத்ரினைத்தான் முக்கியமாகத் தடுக்கும், டெல்டாமெத்ரின் ஓரளவு வேலை செய்யும். வி1016ஜி இரண்டையும் தடுக்கும். ஆகவே "பெர்மெத்ரின் தோற்றது, எனவே பைரெத்ராய்டு எல்லாம் தோற்றது" என்று ஒரே தாளை வைத்து எழுதக்கூடாது. 2022-இல் வியட்நாம், கம்போடியா கொசுக்களில் எல்982டபிள்யூ என்ற மாற்றம் வெளிவந்தது. கம்போடியாவில் எஃப்1534சி-யோடு இன்னொரு மாற்றமும் சேர்ந்த வகைகள் 90%-க்கும் மேல். அங்கே டெல்டாமெத்ரினும் கைகொடுக்காது.

மரபணுச் சோதனைக்கு முன் மலிவான ஒரு கேள்வி உண்டு: பிபிஓ (பைப்பெரோனைல் பியூட்டாக்சைடு), மருந்தைச் சிதைக்கும் நொதிகளை அடைக்கும் பொருள். 4% பிபிஓ தாளில் ஒரு மணி நேரம், உடனே பைரெத்ராய்டுத் தாளில் ஒரு மணி நேரம். பிபிஓ மட்டும், பைரெத்ராய்டு மட்டும், வெறும் எண்ணெய் என்று மூன்று தொகுதி கூடவே ஓட வேண்டும். பைரெத்ராய்டு மட்டும் 60% கொன்று, பிபிஓ சேர்ந்ததும் 98% ஆனால் சைட்டோகுரோம் பி450 நொதிகள்தான் வேலை காட்டுகின்றன. 60 என்பது 65-க்கு நகர்ந்தால் வாயில் மாற்றத்தைத் தேடுங்கள். இதை மாலத்தியானுக்கு அப்படியே செய்யாதீர்கள். மாலத்தியான் கொசுவின் உடம்புக்குள் போய் மாலாக்ஸானாக மாறினால்தான் முழு நஞ்சு, மாற்றுவது அதே பி450 வகை நொதி. பிபிஓ அதை அடைத்துவிட்டால் மருந்து பலமிழந்ததாகத் தோன்றும்.

#11 · வார்டுகணக்கு

மாலத்தியானுக்கும் டெமிபாஸுக்கும் எதிர்ப்பு உறுதியானால் எதற்கு மாறுவது? பட்டியலில் இருக்கிற அடுத்த மருந்தா?

#12 · மருந்துக்கணக்கு

இரண்டின் பெயரையும் ஒருமுறை சேர்த்துப் படியுங்கள். மாலத்தியான், டெமிபாஸ், இரண்டும் ஆர்கனோபாஸ்பேட். புழுவாக இருக்கும்போது டெமிபாஸில் வடிகட்டப்பட்டுத் தப்பியதைக் கொசுவானதும் மாலத்தியானால் கொல்லப் பார்க்கிறோம். புழுவுக்கு ஒரு குடும்பம், கொசுவுக்கு வேறு குடும்பம் என்பதுதான் முதல் மாற்றம். இதற்கு ஆய்வுக்கூடம் கூடத் தேவையில்லை.

தொட்டிக்கு பிடிஐ போகலாம், புழுவைக் கொல்லும் பாக்டீரியா அது. புதுச்சேரி நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம் உருவாக்கிய பி17 வகை இங்கேயே இருக்கிறது. பிடிஐயில் நாலு முக்கிய நஞ்சுகள் சேர்ந்து இருக்கின்றன. அதில் சைட்1ஏ மற்ற மூன்றுக்கும் எதிர்ப்பு வரவிடாமல் பிடிக்கிறது. ஆனால் பாக்டீரியா என்றாலே எதிர்ப்பு வராது என்று நினைக்க வேண்டாம். கொச்சியில் க்யூலெக்ஸ் கொசுவுக்கு பேசில்லஸ் ஸ்பேரிகஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவை இரண்டு வருஷத்தில் 35 சுற்று தெளித்து, நூறு மடங்குக்கு மேல் எதிர்ப்பு வந்ததை 1995-இல் பதிவு செய்திருக்கிறார்கள். அதன் நஞ்சு குடலில் பிடிப்பது ஒரே ஏற்பியை. ஏற்பி மாறினால் ஆட்டம் முடிந்தது.

பைரிப்ராக்ஸிஃபென் இன்னொரு வழி, லிட்டருக்கு 0.01 மி.கி. குடிநீருக்கும் பொருந்தும். ஆனால் களப்பணியாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: புழு சாகாது. நெளிந்துகொண்டே இருக்கும், கூட்டுப்புழுவாகி அங்கேயே மடியும். புழுவை எண்ணிக் குறியீடு போட்டால் மருந்து தோற்றதாகவே தெரியும். தொட்டியிலிருந்து கூட்டுப்புழுவை எடுத்துக் கோப்பையில் வலை கட்டி வைத்து, எத்தனை பறக்கின்றன என்று எண்ண வேண்டும்.

#13 · புகைக்குழல்

கொசு மருந்துக்கு? பைரெத்ரம் வீட்டுக்குள் அடிப்பது சரிதானே?

#14 · மரபணுமூலை

பைரெத்ரமும் அதே சோடியம் வாயில்தான். சுருள் ஓடும் வார்டில் வாயில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்காமல் அதற்குத் தாவினால் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவரில் முட்டுவதுதான். ஏடிஸுக்கான டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின் இரண்டையும் குப்பியில் முதலில் ஓட்டுங்கள். தோற்றால் 5 மடங்கு, 10 மடங்கு அளவில் மறுபடி. 5 மடங்கில் 98% செத்தால் எதிர்ப்பு லேசு, மெஷின் சரியாக இருந்தால் இன்னும் ஓரளவு ஓட்டலாம். 10 மடங்கிலும் 98%-ஐத் தொடவில்லை என்றால் அந்த மருந்தை அந்த வார்டில் மூட்டை கட்டுங்கள்.

ஒரு தகவல், ஓரமாக. ரியோ டி ஜெனீரோவில், டெங்கு பரவுவதைத் தடுக்கும் வோல்பாக்கியா பாக்டீரியாவை ஏற்றிய ஏடிஸை விட்டபோது முதலில் அது நிலைக்கவில்லை. விட்ட கொசுவுக்கு பைரெத்ராய்டு எதிர்ப்பு இல்லை, ஊர்க் கொசுவுக்கு இருந்தது. வீடுகளில் அடித்த மருந்து புதுக் கொசுவை மட்டும் கொன்றது. ஊர்க் கொசுவோடு கலப்பு செய்து எதிர்ப்பை ஏற்றிய பிறகுதான் அது வேரூன்றியது. அந்தத் திட்டம் எந்த ஊருக்கு வந்தாலும் இந்தக் குப்பிக் கணக்குதான் முதல் பக்கம்.

#15 · மன்னார்க்காற்று

குப்பி, தாள் எண்டு எல்லாம் வந்து சேர மாதம் ஆகும். அதுவரைக்கும் டிரம்மைத் தேய்ச்சுக் கழுவச் சொல்லுங்கோ. ஏடிஸ் முட்டை தண்ணி மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ஞ்சும் பல மாதம் கிடக்கும். தண்ணியை மட்டும் ஊத்திவிட்டால் அடுத்த நிரப்பலில் பொரிக்கும். நார் போட்டுத் தேய்ச்சால்தான் போகும். தேய்க்கிறதுக்கு எந்த நுளம்பிலும் இன்னும் எதிர்ப்பு வரேல்லை.

#16 · வார்டுகணக்கு

சரி. கூண்டு 12, முட்டைப் பொறி 40 வீட்டில், தொட்டிவாரித் தேதி நோட்டு இன்றே. குப்பி250, பொறிக்கு வடிதாளா, மரப்பட்டையா?

#17 · குப்பி250

வடிதாள். கறுப்பு டப்பாவின் உட்சுவரைச் சுற்றி, கீழ்ப்பாதி தண்ணீரில் நனையும்படி. ஏழு நாளைக்கு மேல் வைக்காதீர்கள், முட்டை பொரித்து பொறியே கொசு உற்பத்திக் கூடமாகிவிடும். தாளை எடுத்ததும் நேர் வெயிலில் காய வைக்க வேண்டாம், நிழலில் ஈரம் போகும் அளவுக்கு மட்டும். ஒவ்வொரு தாளின் பின்னாலும் வீட்டு எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஊறிப்போகும்.